மாஸ்டர் பிரித்துவிட்ட காலுறை

மாஸ்டருக்கு உலகத்தில் ரெண்டே பொருள்மேல்தான் நம்பிக்கை. ஒன்று அவருடைய கத்திரி, இன்னொன்று கழுத்தில் தொங்கும் அளவு டேப். மற்றதெல்லாம் அவர் கணக்கில் ஏமாற்று. "இடுப்பு முப்பது மாஸ்டர்" என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், "அது உங்க ஆசை. நிஜத்தை டேப் சொல்லும், கையைத் தூக்குங்க" என்பார். நூல்கண்டு விற்கிறவன் நூலைக் குறைத்துச் சுற்றுகிறான். கரண்ட் மீட்டர் ஆள் இல்லாதபோதும் ஓடுகிறது. மழை வரும் என்று டிவியில் சொல்கிற பெண் குடைக்கடைக்காரனுக்கு உறவு. டாக்டர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் தொழிலில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. அவர் தைத்த துணி யாருக்கும் இறுகியதில்லை. எதைத் தைத்தாலும் உள்பக்கம் ரெண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பார். ஆள் பருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். "டைட்டா இருக்கு மாஸ்டர்" என்ற பேச்சு மட்டும் அவர் காதில் விழக் கூடாது. விழுந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

கீழே கடை, மேலே வீடு. கடையில் மூன்று மிஷின். ஒன்று அவருக்கு, ஒன்று அவர் மனைவிக்கு, துணி ஓரம் பிசிறாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் மகளுக்கு. மகளுக்குப் பெயர் இருந்தது. ஆனால் பேச ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் அவள் வாயாடிதான். லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள், மாப்பிள்ளையும் மாடியிலேயே குடியிருந்தார். இப்போது வாயாடி ஆறு மாத கர்ப்பம். வயிறு மிஷின் மேஜையில் இடித்தது. "உள்ள இருக்கிறது இப்பவே தையல் பழகுதுப்பா, ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் உதைக்குது" என்பாள்.

இந்த நேரத்தில்தான் அவளுடைய இடது கால் வீங்கியது. கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு.

"மாசமா இருக்கிறவளுக்குக் கால் வீங்காம மூக்கா வீங்கும்?" என்றார் மாஸ்டர். "இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா, கால்ல ஆரம்பிச்சு தலை வரைக்கும் ஸ்கேன் எடுப்பான்."

"ரெண்டு காலும் வீங்கினா சரி மாமா. ஒண்ணு மட்டும் ஏன் வீங்கணும்?" என்றார் மாப்பிள்ளை. அவர் அதிகம் பேசாத ஆள். பேசாமலேயே மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மாஸ்டரும் பின்னாலேயே போனார். ஏமாற்றுகிறார்களா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டுமே.

டாக்டரம்மா சின்ன உருவம். பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்டால் வகுப்பில் உட்கார வைத்துவிடலாம். ஆனால் பேச்சு கறார். காலை ஸ்கேன் செய்துவிட்டுச் சொன்னாள்:

"தொடைக்கு உள்ளே ஆழத்துல போற ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டியிருக்கு. வயித்துல குழந்தை இருக்கும்போது ரத்தம் சீக்கிரம் உறையும். பிரசவத்துல ரத்தம் கொட்டிடக் கூடாதுன்னு உடம்பு செய்யற ஏற்பாடு அது. குழந்தை பாரம் வேற இடது பக்கக் குழாயை அழுத்தும். இவங்க நாள் முழுக்க மிஷின்ல உட்கார்ந்தே இருந்திருக்காங்க. எல்லாம் சேர்ந்துக்கிச்சு."

"கட்டினது கட்டினபடி இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் மாஸ்டர்.

"இருந்தாப் பரவாயில்லை. அதுல ஒரு துண்டு பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போச்சுன்னா மூச்சை அடைச்சிடும். உயிருக்கே ஆபத்து."

மாஸ்டர் கழுத்து டேப்பைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் பக்கத்தில் இல்லை.

தினமும் ஒரு ஊசி, வயிற்றுத் தோலில், பிரசவம் முடிந்து சில வாரம் வரைக்கும். வீக்கத்துக்கும் வலிக்கும் ஒரு அழுத்தக் காலுறை. உட்கார்ந்தே இருக்காமல் அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். காலைப் பிடித்துவிடுகிறேன் என்று யாரும் தேய்க்கக் கூடாது.

"அப்ப இந்த ஊசி போட்டா கட்டி கரைஞ்சிடும்" என்றார் மாஸ்டர்.

"ஊசி கரைக்காது. மேல மேல கட்டாம காவல் காக்கும். கரைக்கிறது அவங்க உடம்பு. ரத்தத்துலேயே அதுக்கான சரக்கு இருக்கு. மாசமா இருக்கும்போது உடம்பு அதைக் கொஞ்சம் அடக்கி வெச்சிருக்கும். அதனால மெதுவாத்தான் கரையும்."

"கரைக்கிற மருந்தே கிடையாதா?"

"இருக்கு. உயிர் போற நிலைமைல மட்டும்தான் கொடுப்போம். இப்ப கொடுத்தா வேண்டாத இடத்துல எல்லாம் ரத்தம் கசியும்."

வெளியே வந்ததும் மாஸ்டர் மாப்பிள்ளையின் காதில் சொன்னார்: "கவனிச்சீங்களா? கால்ல கட்டி, ஊசி வயித்துல. அந்த ஊசியும் கரைக்காதாம். கரைக்கிறது நம்ம உடம்பாம். அப்ப இவங்க எதுக்கு?"

"காவலுக்கு, மாமா" என்றார் மாப்பிள்ளை.

ஊசி விஷயத்தில் வீடே சிரிப்பாய்ச் சிரித்தது. முதல் நாள் மாப்பிள்ளை போடுவதாக ஏற்பாடு. இருபது மாடி உயரத்தில் ஒற்றைக் கம்பியில் தொங்கி வேலை பார்க்கிற மனுஷன், அந்த இத்தனூண்டு ஊசியைப் பார்த்ததும் வேர்த்து விறுவிறுத்து நாற்காலியில் சரிந்துவிட்டார். மாஸ்டரின் மனைவி அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே ஓடினாள். அடுப்பே பற்ற வைக்கவில்லை. மாஸ்டரோ வாழ்நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்தியவர். "எனக்கு நூல் கோத்த ஊசிதான் பழக்கம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வீரப் பரம்பரை!" என்றாள் வாயாடி. சட்டையைத் தூக்கி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, தானே போட்டுக்கொண்டாள். "முடிஞ்சது. எல்லாரும் கண்ணைத் திறக்கலாம்."

அன்றிலிருந்து தினமும் காலையில் கடை திறந்ததும், துணி மாற்றிப் பார்க்கிற திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வருவாள். ஒரு நாளும் தவறவில்லை.

ஊசியைக்கூடச் சமாளித்தார்கள். காலுறைதான் வீட்டை ரெண்டு படுத்தியது. தொடை வரைக்கும் வருகிற, ரப்பர் மாதிரி விறைப்பான துணி. காலையில் எழுந்ததும் அம்மா ஒரு பக்கமும் புருஷன் ஒரு பக்கமும் பிடித்து இழுப்பார்கள். வாயாடி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவாள். கீழே கடையில் துணி வெட்டிக்கொண்டிருக்கும் மாஸ்டரின் காதில் ஒவ்வொரு சொல்லும் விழும்.

"ஐயோ டைட்டா இருக்கே! அம்மா, டைட்டு! டைட்டு!"

கத்திரி கோணலாகப் போகும்.

ஒரு நாள் அவள் படியிறங்கி வந்து, அவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "அப்பா, நீங்க ஊருக்கெல்லாம் தைக்கிறீங்க. உங்க ஜென்மத்துல இப்படி ஒரு இறுக்கத்தைப் பார்த்திருக்கீங்களா? உங்க பொண்ணு போட்டுக்கிட்டிருக்கா, பாருங்க."

மாஸ்டர் பார்த்தார். காலுறையின் மேல்விளிம்பு தொடையில் பதிந்திருந்தது. ஒரு விரல் நுழையாது. அவர் கடையில் இப்படி ஒரு துணி வெளியே போயிருந்தால் தொழிலையே விட்டிருப்பார். அப்போதே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தார். கம்பெனிக்காரன் ஒரு சைஸ் சின்னதை டப்பா மாற்றிப் போட்டுத் தள்ளிவிட்டான். டாக்டரம்மா சின்னப் பெண், டப்பாவில் எழுதியிருந்ததை நம்பிவிட்டாள்.

மத்தியானம் மகள் மேலே தூங்கப் போனபோது காலுறையைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தாள். மாஸ்டர் அதைக் கீழே எடுத்து வந்தார். பக்கவாட்டில் கணுக்காலிலிருந்து மேலே வரைக்கும் நீளமாக வெட்டினார். அதே நிறத்தில், நன்றாக நீண்டு கொடுக்கிற பனியன் துணியில் ஒரு பட்டை எடுத்து உள்ளே வைத்து இணைத்தார். ஓவர்லாக் அடித்தார். உள்ளே உறுத்தக் கூடாது என்று தையலை அமுக்கி இஸ்திரி போட்டார். வேலை முடிந்ததும் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். தையல் போட்ட இடம் அவருக்கே சட்டென்று தெரியவில்லை.

சாயந்தரம் வாயாடி தானே மாட்டிக்கொண்டாள். ஒரே இழுப்பு. வாயைப் பிளந்தாள்.

"அப்பா! என்ன பண்ணினீங்க?"

"கொஞ்சம் பிரிச்சு விட்டேன். அளவு தப்பு."

"நீங்க தெய்வம்ப்பா!"

"உங்க அம்மா காதுல விழற மாதிரி சொல்லு."

ஆனால் அம்மாவிடமும் சொல்லவில்லை, மாப்பிள்ளையிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுகிற ஆள் அவர். மறுநாள் காலையில் மாஸ்டரின் மனைவி முந்தானையைச் சொருகிக்கொண்டு இழுக்க வந்தபோது வாயாடி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நேத்து வரைக்கும் ரெண்டு பேர் மூச்சு வாங்கினோம். இன்னிக்கு என்னடி தானா ஏறிடுச்சு?" என்று அம்மா கேட்டாள். "பழகிடுச்சும்மா" என்றாள் மகள். மாஸ்டர் கீழே உற்சாகமாக விசில் அடித்துக்கொண்டிருந்தார். அவர் விசில் அடித்து யாரும் கேட்டதில்லை. அதனால் அவர் மனைவிக்குச் சந்தேகம் இன்னும் பலமானது.

அந்த உற்சாகம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. வடிந்திருந்த கால் மறுபடி வீங்க ஆரம்பித்தது. முதலில் கணுக்கால், பிறகு கெண்டைக்கால். வாயாடி மிஷினில் உட்காரும்போது காலைத் தூக்கி இன்னொரு ஸ்டூலில் வைத்துக்கொண்டாள். "கனமா இருக்குப்பா" என்றாள். பேச்சு குறைந்தது. அதுதான் மாஸ்டரை உலுக்கியது. இந்தப் பெண் பேசாமல் இருந்து அவர் பார்த்தது தூக்கத்தில் மட்டும்தான்.

காலுறையை ஓரக்கண்ணால் பார்த்தார். சொல்லவும் வாய் வரவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அன்றைக்குக் கடைக்கு வாடிக்கையாக வருகிற பேங்க் மேடம் வந்திருந்தார். கோட்டுக்கு அளவு பார்க்கிற நேரம். உடம்பில் பாதி தைத்த கோட், முதுகிலும் கையிலும் குண்டூசிகள். "அசையாதீங்க மேடம், அசைஞ்சா குத்தும்" என்று சொல்லித் திரைக்குப் பின்னால் கண்ணாடி முன் நிறுத்தியிருந்தார். மனைவி பட்டன் வாங்க வெளியே போயிருந்தாள். வாயாடி தண்ணீர் எடுக்க மாடிப்படி ஏறினாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள். ஒரு கை சுவரில், ஒரு கை நெஞ்சில்.

"அப்பா, மூச்சு வாங்குதுப்பா."

மாஸ்டரின் கையிலிருந்து கத்திரி விழுந்தது. கத்திரியைக் கீழே போடுகிற ஆளே இல்லை அவர். 'ஒரு துண்டு பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போச்சுன்னா...' டாக்டரம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது. மகளைத் தாங்கி இறக்கி, தெருவில் போன முதல் ஆட்டோவை மறித்து ஏற்றி, கடை ஷட்டரை ஒரே இழுப்பில் இழுத்துப் பூட்டிவிட்டுத் தானும் ஏறினார்.

ரெண்டு தெரு தாண்டியதும் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கடையைப் பூட்டிட்டு எங்க போனீங்க? உள்ள யாரோ ஷட்டரைத் தட்டி, 'காப்பாத்துங்க, குத்துது'ன்னு கத்தறாங்க! தெருவே கூடிப்போச்சு!"

"பேங்க் மேடம். உன் சாவியைப் போட்டுத் திற. குண்டூசியைப் பார்த்து எடு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்." சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அந்த நிலைமையிலும் வாயாடிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு வாங்கியது. "சிரிக்காதே!" என்று அதட்டினார் மாஸ்டர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "வாயை மூடு. மூச்சை மட்டும் விடு."

"வாயை மூடிக்கிட்டு எப்படிப்பா..."

"மூக்கு எதுக்கு இருக்கு?"

ஆஸ்பத்திரியில் அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள், நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். மாப்பிள்ளை வேலையிடத்திலிருந்து கிரீஸ் கையோடு ஓடி வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தள்ளிவிட்ட ஒரு பருத்த நர்ஸ், ஸ்கேனுக்காகக் காலுறையைக் கழற்ற வந்தாள். விளிம்பைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. அவள் பின்பக்கம் தடுமாறிச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

"என்ன சாக்ஸ் இது? கோணிப்பை மாதிரி வருது?"

கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, காலுறையை உள்பக்கம் திருப்பினாள். டாக்டரம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

"கம்பெனிக்காரன் மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான்" என்றார் மாப்பிள்ளை. அவருக்குக் கோபம் வந்து மாஸ்டர் பார்த்ததே இல்லை. "நான் போய் அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!"

"ஆமா, கம்பெனி சரியில்லை" என்று கட்டிலிலிருந்து வாயாடியும் அவசரமாகச் சொன்னாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்திருந்தால் பழி கம்பெனிக்காரன் மேல் போயிருக்கும். அவனை மாஸ்டருக்கு எப்படியும் பிடிக்காது. ஆனால் டாக்டருக்கு உண்மை தெரியாமல் வைத்தியம் கோணலாகப் போனால்? அவர் முன்னால் வந்தார்.

"கம்பெனி இல்லை. நான்தான். டைட்டா இருக்குன்னு அழுதா. வெட்டிப் பட்டை வெச்சுத் தச்சேன்."

மாப்பிள்ளை மாமனாரைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் காலுறையின் தையலைத் தடவிப் பார்த்து, "தையல் என்னவோ சுத்தமாத்தான் இருக்கு" என்றாள்.

"ஐயா" என்றாள் டாக்டரம்மா. குரல் உயரவில்லை. அதுவே மாஸ்டருக்கு அறை வாங்கிய மாதிரி இருந்தது. "அது இறுக்கிப் பிடிக்கறதுக்குன்னே செஞ்சது. கணுக்கால்ல அதிக இறுக்கம், மேல போகப் போகக் குறைவு. கீழ தேங்கற ரத்தத்தை மேல தள்ளிவிடும். நீங்க அந்தத் தள்ளற வேலையையே பிரிச்சு விட்டுட்டீங்க. தேங்கி, கால் வீங்கிடுச்சு."

"நெஞ்சுக்குப் போயிடுச்சா?"

"பார்க்கணும்."

ஸ்கேன் அறைக் கதவு மூடியது. வெளியே பெஞ்சில் மாஸ்டரும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார்.

"திட்டுங்க மாப்பிள்ளை" என்றார்.

"எதுக்கு மாமா?"

"திட்டினா தேவலை. நீங்க சும்மா இருக்கிறது தாங்கலை."

மாப்பிள்ளை யோசித்தார். "எனக்குத் திட்ட வராது மாமா. உங்க பொண்ணு வெளிய வரட்டும், ரெண்டு பேருக்கும் சேர்த்து அவளே திட்டுவா."

வருவாளா என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். ஐம்பது வருஷமாக யாரையும் நம்பாதவர், இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பெண்ணை, அவள் மிஷினை, அவள் ஊசியை, எல்லாவற்றையும் நம்பத் தயாராக இருந்தார். நல்ல சேதி சொன்னால் போதும்.

கதவு திறந்தது. டாக்டரம்மா சிரித்தபடி வந்தாள்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. குழந்தை வளர்ந்து மேல முட்டுது, அதுல படி வேற ஏறியிருக்காங்க. மூச்சு வாங்கினது அதனாலதான். ஆனா நீங்க உடனே கூட்டிட்டு வந்ததுதான் சரி. கால்ல இருக்கிற கட்டியும் பெரிசாகலை. இன்னும் சொல்லப்போனா, கரைய ஆரம்பிச்சிருக்கு."

"அந்தப் படத்தைக் காட்டுங்க" என்றார் மாஸ்டர்.

"மாமா!" என்றார் மாப்பிள்ளை.

"இல்லை, பார்த்தாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும்."

டாக்டரம்மா அவரை உள்ளே அழைத்துப்போய் திரையைக் காட்டினாள். போன தடவை அந்தக் குழாய் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக அடைத்துக்கொண்டு இருந்தது. இப்போது சாம்பலின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு நீலம் ஓடியது. கருவியை நகர்த்தினால் நீலம் விட்டு விட்டு மின்னியது.

"அது என்ன?"

"ரத்தம். வழி பண்ணிக்கிட்டு ஓடுது. ஒரு நாள்கூட ஊசியை விடலைன்னு தெரியுது. காவல் இருந்ததால புதுசா எதுவும் கட்டலை. பழசை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுக்கிட்டு இருக்கு."

மாஸ்டர் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "நல்ல உடம்பு. உங்க அம்மா வழி" என்றார். அவர் வாயிலிருந்து அம்மா வழிக்கு வந்த முதல் பாராட்டு அது.

"இதை அம்மா காதுல விழற மாதிரி சொல்லுங்க" என்றாள் வாயாடி. முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. "அப்புறம், பேங்க் மேடம் காதுல என்ன சொல்லப் போறீங்க?"

"கோட்டுக்குக் கூலி வேண்டாம்னு சொல்லுவேன்."

"அது பத்தாதுப்பா. கால்சட்டையும் தச்சுக் கொடுத்தாத்தான் மன்னிப்பாங்க."

நர்ஸ் புதுக் காலுறை டப்பாவோடு வந்தாள். மாப்பிள்ளை கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டி மாஸ்டரிடம் போனாள்.

"நீங்கதான் மாட்டிவிடணும். வெட்டின கைதான் இழுக்கணும். குதிகாலை முதல்ல உட்கார வைங்க. அப்புறம் மேல. எங்கயும் மடிப்பு விழக் கூடாது. மடிஞ்ச இடத்துல அறுக்கும்."

"மடிப்பு விழாம பார்த்துக்க எனக்குத் தெரியும்" என்றார் மாஸ்டர். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். குதிகால் உட்கார்ந்தது. கெண்டைக்காலுக்கு வந்ததும் வேர்த்தது. துணி இம்மியும் நகரமாட்டேன் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

"ஐயோ அப்பா, டைட்டா இருக்குப்பா!"

மாஸ்டரின் கை ஒரு கணம் தன்னால் தளர்ந்தது. நர்ஸ் இருமினாள். மறுபடி பிடித்தார்.

"விடுங்கப்பா, உயிர் போகுது!"

"போகக் கூடாதுன்னுதான் இழுக்கிறேன். காலை நீட்டு."

"உங்க மாப்பிள்ளை சும்மா நிக்கிறாரே, அவரைச் சொல்லுங்களேன்!"

"மாப்பிள்ளை, அந்தப் பக்கம் பிடிங்க. இன்னும் முழங்காலே தாண்டலை."